ஒரு அரிசி இடம்

மே 24, வெள்ளி

இது கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இன்றைய உற்பத்தி இலக்கு' என்று அச்சடித்திருக்கிறது. ஓய்வு பெற்றுப் போகிறவனுக்கு இதைக் கொடுப்பது பொருத்தமில்லை என்று பர்சனல் மேனேஜரிடம் அன்றே சுட்டிக்காட்டினேன். அவர் கைகுலுக்கினார்.

துளசிமணி காலை ஏழு இருபதுக்குப் பொள்ளாச்சி கிளம்பினாள். அவளுடைய அக்கா ராஜாமணிக்கு முழங்கால் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். பெரிய பெட்டியை எடுத்துப் போயிருக்கிறாள். முழங்கால் என்றால் நாளாகும்தான்.

ஃப்ரிட்ஜின் மேல் ஒரு பொட்டலம் இருக்கிறது, அதைச் சிங்காநல்லூர் முகவரிக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள் என்று வாசலில் நின்று சொன்னாள். சரி என்றேன்.

மதியம் ரசம் வைத்தேன்.

மே 25, சனி

கூரியர் கடையில் கூட்டம். திரும்பிவிட்டேன்.

மே 27, திங்கள்

இன்று கூட்டமில்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார். தெரியாமல் படிவம் நிரப்ப முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன்.

உள்ளே நாற்பத்தொரு போட்டோக்கள், ரப்பர் பேண்டு போட்டு. கூடவே துளசிமணி எழுதிய ஒரு கடிதம். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'லோகநாயகிக்கு. உங்கப்பாவோட எண்பதாவது பிறந்த நாளுக்கு ஆல்பம் செஞ்சு தர்றதா ஒத்துக்கிட்டேன். இப்ப முடியலை. இனிமே இந்த வேலை செய்யறதா இல்லை. போட்டோ எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க. மன்னிச்சுக்கணும்.'

இந்த வேலை என்பது காகித வேலை. மகள் பிரபாவைக் கட்டிக்கொடுத்த பிறகு, எட்டு வருடமாகத் துளசிமணி குட்டி ஆல்பங்கள் செய்துகொடுக்கிறாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பார்த்தால் ஐம்பது வருடம் பரணில் கிடந்ததுபோல இருக்கும். விரித்தால் உள்ளேயிருந்து வீடோ ரயில் பெட்டியோ கல்யாணப் பந்தலோ எழுந்து நிற்கும். சொல்லிவைத்து வாங்குகிறார்கள். ஈரோட்டிலிருந்துகூட வருகிறார்கள்.

இனிமேல் செய்வதாக இல்லை என்பது எனக்குப் புதிய செய்தி. முழங்கால் ஆபரேஷனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தெரியவில்லை. அவளுடைய மேசைமீது மே ஒன்றாம் தேதியிலிருந்து பழைய சேலை போர்த்தியிருக்கிறது. தூசிக்காக என்று நினைத்திருந்தேன்.

மே 28, செவ்வாய்

லோகநாயகி என் எண்ணுக்கே கூப்பிட்டார். துளசிமணி போனை எடுக்கவில்லையாம். ஆல்பம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். அவள் ஊரில் இல்லை என்று சொன்னால் எப்போது வருவாள் என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரியாத தேதியை எழுதிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அவர் விவரம் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அப்பா பெயர் ரங்கசாமி. செண்பகா டாக்கீஸில் முப்பத்தொரு வருடம் மெஷின் ஓட்டியவர். தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஆல்பத்தைத் திறந்தால் தியேட்டர் எழுந்து நிற்க வேண்டும். ஆபரேட்டர் ரூம் ஓட்டையிலிருந்து ஒரு பட்டையை இழுத்தால் போட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வர வேண்டும். ஜூன் முப்பது, ஞாயிற்றுக்கிழமை விழா.

துளசிமணி வந்ததும் செய்ய ஆரம்பிக்கலாம். அதுவரை நான் அளவுகளை மட்டும் எடுத்து வைக்கலாம். முப்பத்துநாலு வருடம் பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினால் வார்ப்படம் முழுவதும் குப்பைக்குப் போகும். காகிதம் எனக்குப் பெரிய காரியமில்லை.

மே 31, வெள்ளி

சேலையை எடுத்து மடித்து வைத்தேன். கத்தரிக்கோல் நான்கு, கட்டர், இரும்பு ஸ்கேல், மடிப்புக் கோடு போட மை தீர்ந்த பேனா, ரிப்பன், லேஸ், பெவிகால் டப்பா. ஒன்றைக்கூட அவள் எடுத்துப் போகவில்லை. ஒரு நூறு பக்க நோட்டும் இருந்தது. அதில் அவள் செய்முறைகளை எழுதி வைத்திருக்கிறாள்.

நோட்டைப் படித்து முடித்தேன். ஒரு இடத்திலும் மில்லிமீட்டர் இல்லை. 'தீக்குச்சி தடிமனுக்கு அட்டை', 'சுண்டுவிரல் நகம் அளவு மடிப்பு', 'காயிதத்தை டீயில் போட்டு, பால்காரர் வந்து போற நேரம் கழிச்சு எடுக்கவும்'. நம் பால்காரர் வந்து போக எவ்வளவு நேரமாகிறது என்று நாளைக் காலை பார்க்க வேண்டும்.

ஆல்பத்தின் பக்கங்கள் சேரும் முதுகு பற்றி இப்படி இருக்கிறது: 'பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவுல ஒரு அரிசி இடம் விடவும்.' அடியில் இரண்டு கோடு.

இது தேவையில்லை. எட்டுப் பக்கம், ஒன்றின் தடிமன் 0.6. போட்டோ நாற்பத்தொன்று, ஒன்றுக்கு 0.25. கூட்டினால் 15.05. முதுகு பதினைந்து மில்லிமீட்டர். அரிசிக்கு இதில் வேலையே இல்லை. முறையாகப் பயிற்சி இல்லாதவர்கள் இப்படித்தான் எதற்கும் இருக்கட்டும் என்று இடம் விடுவார்கள்.

ஜூன் 1, சனி

பால்காரர்: இரண்டு நிமிடம் பத்து விநாடி. இதில் ஐம்பது விநாடி துளசிமணி எங்கே என்று கேட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

பிரபா ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். ரசம் என்றேன். நேற்று என்றாள். ரசம் என்றேன். அம்மா எங்கே என்று கேட்காதது விசித்திரமாக இருந்தது. நானாகவே பெரியம்மாவின் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பா, பெரியம்மாவுக்கு ஆபரேசன் ஆகி நாலு மாசமாச்சுங்கப்பா. இப்ப மாடிப்படி ஏறுறாங்க" என்றாள்.

பிப்ரவரி என்று கணக்குப் போட்டேன். பிறகு அவள், உங்கள் பிரிவுபசார விழாவில் மைக்கில் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஏப்ரல் 30 மாலை கேன்டீன் ஹாலில் நூற்றிருபது பேர். எல்லோரும் பேசியபின் துளசிமணி எனக்கு ஒரு ஆல்பம் கொடுத்தாள். எனக்குத் தெரியாமல் மூன்று மாதம் செய்திருக்கிறாள். முதல் பக்கத்தைத் திறந்தால் ஒரு பம்பு எழுந்து நின்றது. நடுவில் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், சுற்றுகிற மாதிரி பித்தளை ஆணியில் பொருத்தியிருந்தாள். மைக் என் கையில் இருந்தது. சுற்றுத் திசை அம்பு தப்பாக இருந்தது. "இம்பெல்லர் தலைகீழாச் சுத்துது. இந்தப் பம்பு தண்ணி எடுக்காதுங்க" என்றேன். ஹாலே சிரித்தது. சீஃப் டிசைனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பேச்சில் நன்றாக எடுபட்ட இடம் அதுதான்.

"அம்மா சிரிச்சாங்களா?" என்று பிரபா கேட்டாள்.

கவனிக்கவில்லை என்றேன். தப்பைத் தப்பு என்றுதான் சொன்னேன் என்றும் சொன்னேன். பிரபா குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். எனக்கு விசில் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

காகிதத்தைப் பழசாக்கும் வேலை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எட்டு ஸ்பூன் டீத்தூள். இருபத்துநான்கு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் பத்து விநாடி, கடிகாரம் வைத்துக்கொண்டு. ஹாலில் கொடி கட்டிக் காயப்போட்டேன். எல்லாம் ஒரே நிறத்தில் வந்தன. ஒரே நிறத்தில் வந்ததால் எதுவும் பழசாகத் தெரியவில்லை, புதிதாகப் பழுப்பு நிறத் தாள் வாங்கியதுபோல இருக்கின்றன.

அவளுடைய பழைய துண்டுகளைப் பார்த்தேன். ஓரம் கருத்து, நடு வெளுத்து, ஒரு இடத்தில் டம்ளர் வைத்த வட்டம். அந்த வட்டத்தைக் கவனக்குறைவு என்று ஒருமுறை அவளிடம் சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

மறுபடி முக்கினேன். டீ தீர்ந்தது.

ஜூன் 8, சனி

தியேட்டர் நிற்கிறது. இருந்த ஒரே முகப்புப் போட்டோவை வைத்து வரைபடம் போட்டு, வெட்டி, மடித்து, இன்று மதியம் பொருத்தினேன். திறந்தால் எழுகிறது, மூடினால் படுக்கிறது. டிக்கெட் கவுண்டரில் ஒன்பது கம்பி. போட்டோவிலும் ஒன்பது. கதவுகள் திறந்து மூடுகின்றன. பட்டையை இழுத்தால் ஓட்டை வழியாக வழுக்கிக்கொண்டு வருகிறது.

பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பேன்.

ஜூன் 12, புதன்

ஆல்பத்தின் அட்டைக்குத் துணி ஒட்டி, எட்டுப் பக்கங்களையும் முதுகில் சேர்த்தேன். மூடிப் பார்த்தேன். ஓரங்கள் நான்கும் ஒரே நேர்கோடு. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. துளசிமணியின் ஆல்பம் ஒன்றுகூட இவ்வளவு ஒட்ட மூடியதில்லை. எப்போதும் முதுகுப் பக்கம் தடித்து, திறக்கிற வாய்ப் பக்கம் சரிந்து இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

போட்டோக்களை ஒட்டினேன். நோட்டில் அவள் சொல்லியிருந்த இடங்களில் பைகள், லேஸ், ரிப்பன் எல்லாம் வைத்தேன். மூடினேன்.

மூடவில்லை. மழையில் நனைந்த டெலிபோன் டைரக்டரிபோல வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மேலே அம்மிக்குழவியை வைத்தேன். முதுகு பிய்ந்தது. இரண்டாம் பக்கமும் கூடவே வந்துவிட்டது.

கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். கணக்கில் தப்பில்லை. பசை காய்ந்தால் தாள் உப்பும் என்பதும், பைக்குள் போட்டோ படுத்துக்கொண்டு இருக்காது என்பதும், இரண்டு பக்கங்களுக்கு நடுவே காற்று என்று ஒன்று இருக்கிறது என்பதும் கணக்கில் இல்லை. முப்பத்துநாலு வருடத்தில் யாரும் என்னைக் காற்றின் தடிமன் கேட்டதில்லை.

பதினாறு நாள் இருக்கிறது.

ஜூன் 15, சனி

எல்லாவற்றையும் பிரித்தேன். போட்டோக்கள் பிரதிகள்தான், ஆனாலும் சேதமில்லாமல் எடுத்துவிட்டேன். இனி அவள் சொன்னபடி ஒரு அரிசி இடம் விட்டுச் செய்ய வேண்டும்.

சமையலறையில் மூன்று அரிசி இருக்கிறது. பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி. மூன்றிலும் பத்துப் பத்து மணி எடுத்து வெர்னியரில் அளந்து சராசரி போட்டேன். அகலவாட்டில் பொன்னி 1.9, பச்சரிசி 2.1, இட்லி அரிசி 2.6. நீளவாட்டில் ஐந்திலிருந்து ஆறு வரை போகிறது. முதுகில் ஒன்பது இடைவெளி. எந்த அரிசி, எந்த வாட்டம் என்பதைப் பொறுத்து முதுகு முப்பத்திரண்டு மில்லிமீட்டராகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம்.

எழுதியவரைக் கேட்காமல் இதில் மேலே போக முடியாது.

ஜூன் 16, ஞாயிறு

காலை பத்து மணிக்குத் துளசிமணியைக் கூப்பிட்டேன். அவள் போய் இருபத்துநாலு நாளில் நான் கூப்பிடுவது முதல் முறை. வேலை நிமித்தம்தான்.

அவள் எடுத்து, "சொல்லுங்க" என்றாள்.

"ஏம்புள்ள, எந்த அரிசி?"

"எதுக்குங்க?"

"ஆல்பத்துக்கு. ஒரு அரிசி இடம்னு நோட்டுல எழுதியிருக்கியே. எந்த அரிசி?"

பின்னால் ராஜாமணி யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு துளசிமணி, "கூரியர் போடலீங்களா?" என்றாள்.

"இல்ல. செஞ்சுட்டு இருக்கேன். ஒருவாட்டி செஞ்சு வாய் மூடல."

"இட்லி அரிசிங்க. அகலவாட்டுல."

"ஊறினதா, ஊறாததா?"

"ஊறுன அரிசிய ஆருங்க காயிதத்துல வெப்பாங்க?" என்றாள். அவள் சிரித்தாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. லைன் அவ்வளவு தெளிவாக இல்லை.

பசை தண்ணீர் கலந்ததா என்று கேட்டாள். கலக்கவில்லை என்றேன். கலக்கக் கூடாது என்றாள். பிறகு, "அளவுல சந்தேகம் வந்தா உங்க ஆல்பத்த எடுத்துப் பாருங்க. அதுலயும் அதே எடந்தான் உட்டிருக்கேன்" என்றாள்.

சரி என்றேன். நான்கு நிமிடம் பதினொரு விநாடி பேசியிருக்கிறோம்.

என் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு மேல் நான் திருப்பியதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். பீரோவில், சால்வைகளுக்கு அடியில் இருந்தது. திறக்கவில்லை. மோட்டார் போட வேண்டியிருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

திறந்தேன்.

முதுகில் இடைவெளி 2.6. சரியாக இருக்கிறது. அளந்து முடித்தபின் மூடி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

முதல் பக்கத்துப் பம்பு நீல நிறத் தாளில் வெட்டியது. விழாவில் அதை வண்ணத் தாள் என்று நினைத்தேன். அது வண்ணத் தாள் இல்லை, அந்தக் காலத்தில் வரைபடத்துக்குப் பிரதி எடுத்த அம்மோனியா பிரிண்ட். வரைபடத்தையே வெட்டிச் செய்திருக்கிறாள். பம்பின் அடியில் என் பெயரோடு தலைப்புக் கட்டம் இருந்தது. வரைந்தவர்: கே. மருதாசலம். 1991. அம்பைச் சுற்றி மங்கலாகச் சிவப்புப் பென்சில் வட்டம்.

அந்தப் படம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கல்யாணமாகி மூன்று மாதம். சுற்றுத் திசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். அன்றைய சீஃப் டிசைனர், செக்‌ஷன் முழுவதும் பார்க்க, படத்தைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பம்பு தண்ணீர் எடுக்காது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கசக்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். எது தப்பு என்று சொல்லாமல், துளசிமணியிடம் படத்தைக் காட்டி அழுதேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, அழுதேன்.

அவள் அதை எடுத்து இஸ்திரி போட்டு முப்பத்துமூன்று வருடம் வைத்திருந்திருக்கிறாள். பக்கத்திலிருந்த பையில் ஒரு சீட்டு இருந்தது. 'இவர் எங்கிட்ட காட்டுன முதல் படம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும். படம் போட்டவன் சரியாகப் போட்டிருப்பான் என்று நம்பியிருக்கிறாள்.

சீஃப் சொன்ன அதே வாக்கியத்தை அதே தப்புக்கு அவளிடம் சொல்லியிருக்கிறேன், மைக் வைத்து.

மீதிப் பக்கங்களையும் பார்த்தேன். என் முதல் சைக்கிள் டோக்கன், பிரபாவைத் தூக்கிக்கொண்டு கம்பெனி ஆயுத பூஜையில் நான், போனஸ் நோட்டீஸ் ஓரத்தில் நான் கிறுக்கிய மிக்ஸி. கடைசி ஆறு பக்கம் காலி. அங்கேயும் இடம் விட்டிருக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை. முழங்கால் ஆபரேஷன் என்று முதல் பக்கத்தில் எழுதியது பொய். அன்றே தெரியும்.

ஜூன் 22, சனி

நான்காம் சனிக்கிழமைகளில் கணபதியில் ஒரு பேக்கரியில் எங்கள் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்கள் கூடுவோம். இன்று பதினோரு பேர். தேங்காய் பன்னும் டீயும். ஆல்பத்தை எடுத்துப் போனேன்.

டீ வந்ததும் எழுந்து நின்று சொன்னேன். அன்று நான் தப்பு என்று சொன்ன அம்பு என் கையால் போட்டது. 1991-ல் போட்டது. என் மனைவியின் வேலையில் தப்பில்லை. ஆல்பத்தைச் சுற்றுக்கு விட்டேன், எல்லோரும் தலைப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

திருமூர்த்தி என்னோடு இருபத்தெட்டு வருடம் ஒரே செக்‌ஷனில் இருந்தவன். அவன், "எந்த அம்பு?" என்றான்.

விழாவில் நான் சொன்னதை நினைவுபடுத்தினேன். பதினோரு பேரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஃபவுண்டரி ராமசாமிக்கு விழாவே ஞாபகமில்லை, அன்று போட்ட ஜாங்கிரி மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். ஐம்பத்து மூன்று நாள் அதை நினைவில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

"அதுக்கு எதுக்கப்பா நின்னுட்டுச் சொல்ற? உக்காரு" என்றான் திருமூர்த்தி.

அன்றைக்கும் நின்றுகொண்டுதான் சொன்னேன் என்றேன். பன்னை முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆல்பம் ஒரு சுற்று போய் வந்தது. பம்பை எல்லோரும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். திருமூர்த்தி மூன்று முறை.

ஜூன் 23, ஞாயிறு

பிரபா கூப்பிட்டாள். பேக்கரி விஷயம் திருமூர்த்தி வீட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய், அங்கிருந்து ஓசூருக்கு வந்துவிட்டதாம். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்கப்பா. இவுரு பன்னத் தின்னாரான்னு கேட்டாங்க."

எனக்குச் சர்க்கரை இருப்பதால் கேட்டிருப்பாள்.

ஜூன் 26, புதன்

முதுகு 38.4. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு இட்லி அரிசியை வைத்து, ஒட்டி, அரிசியை எடுத்தேன். வெர்னியரை எடுக்கவில்லை. அவள் இப்படித்தான் செய்வாள் என்று கடைசி அரிசியை எடுக்கும்போதுதான் புரிந்தது. அரிசி அளவில்லை, கருவி.

ஒரு பக்கத்தில் டம்ளர் வட்டம் விழுந்துவிட்டது. தற்செயல். நன்றாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

மூடுகிறது. முதுகு தடித்து, வாய் சரிந்து, அவளுடைய ஆல்பங்கள் மாதிரியே.

ஜூன் 29, சனி

மதியம் மூன்று மணிக்குத் துளசிமணி வந்தாள். கையில் ஒயர் கூடை மட்டும். பெரிய பெட்டி வரவில்லை. நாளைக்கு லோகநாயகியிடம் கொடுக்கும்போது, ஒத்துக்கொண்டவள் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது, அதனால் வந்தேன் என்றாள். நாளைச் சாயங்காலம் சிங்காநல்லூரிலிருந்து அப்படியே உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறிக்கொள்வாளாம். சரி என்றேன்.

ஆல்பத்தைத் திறந்தாள். தியேட்டர் எழுந்தது. பட்டையை இழுத்தாள், கதவுகளைத் திறந்து மூடினாள், முதுகில் விரல் வைத்துப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு அரிசி எடுத்துவந்து ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துப் பார்த்தாள். ஒன்பதிலும். பிறகு அரிசியைக் கொண்டுபோய் டப்பாவிலேயே போட்டாள்.

கதவுகளை மட்டும் இரண்டாவது முறை திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ரசம் இருந்தது, இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூன் 30, ஞாயிறு

சிங்காநல்லூரில் விழா. சின்ன மண்டபம், அறுபது எழுபது பேர். ரங்கசாமி வெள்ளை வேட்டியில் நாற்காலியில் இருந்தார். ஆல்பத்தை அவர் மடியில் வைத்தார்கள். திறந்து தியேட்டரைப் பார்த்ததும், போட்டோக்களை விட்டுவிட்டு, ஆபரேட்டர் ரூம் ஓட்டைகளை எண்ணினார். "ரெண்டு. செரிதான்" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தார். பட்டையை இழுக்க ஆரம்பித்தார். மெஷின் பக்கத்தில் அவர், படிக்கட்டில் அவர் மனைவி, கைக்குழந்தையாக லோகநாயகி. பாதியில் நிறுத்தி, இடைவேளை விட வேண்டும் என்று சொல்லிக் காபி கேட்டார். காபி குடித்துவிட்டு மீதியை இழுத்தார். பிறகு பட்டையை உள்ளே தள்ளி, முதலிலிருந்து இன்னொரு காட்சி ஓட்டினார். மனைவி இருக்கிற படம் வரும்போது மட்டும் மெதுவாக இழுத்தார். அந்த அம்மா போய் ஆறு வருடம் ஆகிறதாம்.

லோகநாயகி துளசிமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நன்றி சொன்னார்.

துளசிமணி, "நான் இல்லீங்க. முழுசும் இவுரு செஞ்சது. நல்லாச் செஞ்சிருக்காரு" என்றாள்.

மைக் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, இலை போட்டாகிவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

நாலரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நிழலில் இரண்டு பேர் நிற்க இடமிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துளசிமணி, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கதவு உள்ளாரத் தொறக்குதுங்க."

"எந்தக் கதவு?"

"தியேட்டர் கதவு. தீப் புடிச்சா சனம் வெளிய ஓடோணும். தியேட்டர்ல கதவு வெளியத்தானுங்க தொறக்கும்."

யோசித்தேன். உண்மைதான். மடிப்பை மாற்றிப் போட்டுவிட்டேன். எல்லாக் கதவிலும்.

"நேத்தே பாத்துட்டயா?"

"பாத்தனுங்க."

"அங்கியே சொல்லியிருக்கலாமே."

"அங்க எதுக்குங்க சொல்லோணும்?" என்றாள்.

நானும் ரோட்டைப் பார்த்தேன். பிறகு, அந்த அம்பு நான் போட்டது என்றேன். தெரியும் என்றாள். அந்தப் பேச்சுக்கு என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரமானது என்று அளக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலும் இருந்தது.

உக்கடம் பஸ் வந்தது. கதவில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "கூட்டமா இருக்குதுங்க. அடுத்ததுல போலாம்" என்றாள். சரி என்றேன்.

பத்து நிமிடத்தில் இன்னொரு உக்கடம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவளைப் பார்த்து உக்கடம், உக்கடம் என்று இரண்டு முறை கூப்பிட்டார். துளசிமணி கூடையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது. அதன் பின்னாலேயே வந்த, வீட்டுப் பக்கம் போகும் காந்திபுரம் பஸ்ஸில் அவள் முதலில் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். இட்லிக்கு அரிசி ஊறப் போட்டிருக்கிறாள்.

இரண்டாவதாக வந்த உக்கடம் பஸ்ஸில் பாதி சீட் காலியாகத்தான் இருந்தது. நான் சுட்டிக்காட்டவில்லை.